மாப்பிள்ளைச் சொம்பு

எங்கள் நடுநாட்டில் தலைவலி வந்தவன் தைலத்தைத் தேடுவான். பல்வலி வந்தவன் கிராம்பைத் தேடுவான். வயிற்றுவலி வந்தவன் மட்டும் தான் செய்த பாவத்தைத் தேடுவான். சூலை என்னும் வயிற்றுநோயைக் கொடுத்து இறைவன் ஓர் அடியாரை ஆட்கொண்ட மண் இது. ஆகவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உங்கள் முன் வந்து அமர்ந்தால், உங்களுக்கு முன்பே அவரைச் சிவபெருமானும் சோதிடரும் பக்கத்து வீட்டுக்காரரும் பரிசோதித்து முடித்திருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் சொல்லப்போவது நான்காவது கருத்து.

மருத்துவப் பணிக்குப் புதிதாய் வந்திருக்கும் உங்களுக்கு நோய்க்குறிகளை நான் கற்பிக்க வேண்டியதில்லை. அவை நூல்களில் இருக்கின்றன. எந்த நூலிலும் இல்லாத ஒரு சொம்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. நான் கடலூரில் ஒரு மருத்துவமனையில் இளநிலை மருத்துவராக இருந்தேன். என் பொறுப்பில் சபாபதி என்று ஒருவர் வந்து சேர்ந்தார். சிதம்பரத்தில் கணக்காசிரியர். மணமான பிறகு, பள்ளிக்கு அருகில் என்ற காரணத்தால், அங்கேயே மாமனார் வீட்டில் தங்கியிருந்தார். தாய் தையல்நாயகி அம்மாள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்தார். வலி சிதம்பரத்தில் வரும். மகனைத் தாய் கடலூருக்கு அழைத்து வருவார். எங்கள் வார்டில் ரொட்டியும் பாலும் கொடுத்துப் படுக்க வைப்போம். மலச்சிக்கலுக்கு மருந்து கொடுப்போம். வலி போய்விடும். நன்றி சொல்லிவிட்டுச் சிதம்பரம் போவார். சில வாரங்களில் முன்னிலும் வெளிறிய முகத்தோடு திரும்பி வருவார்.

மூன்று மருத்துவர்கள் அவரைப் பார்த்தார்கள். ஒருவர் பூச்சி என்றார். ஒருவர் குடல்வால் என்றார். மூன்றாமவர் என்னைத் தனியே அழைத்து, "மாமனார் வீட்ல குடியிருக்கறவனுக்கு வயித்துல வலி வராம, பின்ன வேற எங்க வரும்?" என்று கேட்டார். மூவரும் ஒருவர் கருத்தை ஒருவர் ஏற்கவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் மூவரும் ஒரே குரலாய் நின்றார்கள். வீட்டுக்குப் போனதும் காரம், எண்ணெய், பருப்பு கூடாது. குழைந்த சோறும் மிளகு ரசமும் மட்டுமே. நானும் அதையே கட்டிலருகே நின்று இருமுறை ஓதினேன். சபாபதி சொன்ன சொல் தவறாதவர். வீட்டுக்குப் போய் மூன்று வேளையும் ரசம் குடித்தார்.

அவர் தாய்க்கு எங்கள் கருத்து எதுவும் தேவைப்படவில்லை. அவரிடமே ஒன்று இருந்தது.

"டாக்டர் தம்பி, இது நோவு இல்ல. சம்மந்தி வூட்ல மருந்து வெச்சிருக்காங்க."

மருந்து வைப்பது என்றால், ஒருவனைத் தம் பிடியில் வைத்துக்கொள்ள உணவில் எதையோ கலந்து கொடுப்பது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு வாட்டும் என்பது இப்பக்கத்து நம்பிக்கை. எங்கள் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அம்மையார் மகனை மருந்தெடுப்பவர் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் சபாபதியின் வயிற்றில் ஒரு குழலை வைத்து உறிஞ்சிக் கருப்பாக ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினாராம்.

"புளியங்கொட்டை மாதிரி இருந்துச்சு சார்," என்றார் சபாபதி. "என் வயித்துலேர்ந்து வந்துச்சா, அந்தாளு கன்னத்துலேர்ந்து வந்துச்சான்னுதான் வெளங்கல."

"உங்களுக்கு என்ன தோன்றுகிறது?"

"அம்மா ஒரு நேரம் மருந்துங்கறாங்க. ஒரு நேரம், சூலைடா, சாமி உன்னக் கூப்புடுறாருங்கறாங்க. கூப்புடுறவரு ஒரு தடவ கூப்ட்டாப் போதாதா சார்? மாசாமாசம் எதுக்கு?"

இதை நாங்கள் சிரித்துக் கடந்திருப்போம். ஆனால் அம்மையார் சிரிக்கவில்லை. சம்பந்தி வீட்டில் அவர் தண்ணீர்கூட அருந்துவதை நிறுத்தியிருந்தார். சபாபதியின் மனைவி மங்கை அப்போது கருவுற்றிருந்தாள். "இன்னொரு வாட்டி வலின்னு வந்தான்னா, அப்புறம் அவன அந்த வூட்டுக்கு அனுப்ப மாட்டேன். அந்தப் பொண்ணு புள்ளயப் பெத்துக்கிட்டு அவ ஆத்தா வூட்லயே இருந்துக்கட்டும்," என்று வார்டு முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைச் செய்கிறவர் என்பது மகனின் முகத்தில் தெரிந்தது.

இன்னொரு புறம் எங்கள் அறுவை மருத்துவர் பொறுமை இழந்திருந்தார். "கதவத் தொறந்து பாத்தாத்தானேய்யா உள்ள யாரு இருக்கான்னு தெரியும்? திருவாதிரை முடிஞ்சதும் தொறந்துடுவோம்," என்றார். அவருக்கு எல்லா வயிறும் கதவுதான். ஆனால் அக்காலத்தில், வெளிறி இளைத்த ஓர் உடம்பை மயக்கத்தில் ஆழ்த்தித் திறப்பது இன்று போல் எளிதன்று. திறந்து ஒன்றும் காணாமல் மூடிய வயிறுகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில மறுபடி எழுந்து நடக்கவில்லை.

மார்கழித் திருவாதிரை அன்று நான் விடுப்பெடுத்துச் சிதம்பரம் சென்றேன். அம்பலத்தில் ஆடுகின்றவன் தேரேறி வந்து மீண்டும் அம்பலம் புகும் அந்தக் காட்சியைக் காணாமல் எனக்கு ஆண்டு நிறைவதில்லை. தரிசனம் முடிந்து திரும்பும் கூட்டத்தில் என் தோளை ஒரு கை பற்றியது. சபாபதி. அறுவைக்கு முன் ஆண்டவனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்திருந்தார். பக்கத்தில் அவருடைய மாமனார், நெற்றி நிறையத் திருநீறு.

"டாக்டருங்களா? பட்டினியா வந்திருப்பீங்க. களி சாப்புடாம இந்த ஊர விட்டுப் போகக் கூடாது," என்று அவர் என் கையைப் பிடித்தார். அதன்பின் அந்தக் கையை எனக்குத் திருப்பித் தரவில்லை.

என் ஆசிரியர் ஒருவர் இருந்தார். நோயாளி சொல்லும் சாப்பாடு வேறு, சாப்பிடும் சாப்பாடு வேறு என்பார். சபாபதியிடம் என்ன உண்கிறீர்கள் என்று நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். "எப்பவும்போலத்தான் சார்" என்பதே விடை. அன்றுதான் அவர் உண்பதை முதன்முதலாகப் பார்த்தேன்.

களியும் கூட்டும் வந்தன. பிறகு சோறு. சபாபதியின் மாமியார் சிவகாமி அம்மாள் ஒரு கற்சட்டியிலிருந்து தம் கணவருக்கு ரசம் ஊற்றினார். பின் உள்ளே போய் வேறொரு பாத்திரத்தை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஈயச்சொம்பு. அதிலிருந்து மாப்பிள்ளைக்கு ஊற்றினார். விருந்தாளி என்பதால் எனக்கும் அதிலிருந்தே ஊற்றினார்.

ரசம் மணமாக இருந்தது. புளிப்பு இருந்தது, மிளகு இருந்தது. அவற்றின் அடியில், இருக்கக் கூடாத ஓர் இனிப்பும் இருந்தது. களியின் இனிப்பு நாவில் தங்கிவிட்டதோ என்று தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் சுவைத்தேன். இனித்தது.

"அம்மா, ரசத்தில் வெல்லம் சேர்ப்பீர்களோ?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. சிதம்பரத்தில் ஓர் இல்லத்தரசியிடம் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உணர்ந்தேன்.

"வெல்லமா? எங்க வூட்டு ரசத்துலயா?" என்றார் அவர் மெதுவாக. மாமனார் தம் இலையைப் பார்த்துக்கொண்டார்.

"தவறாகக் கேட்டுவிட்டேன். சொம்பு அழகாக இருக்கிறது," என்று பேச்சை மாற்றினேன்.

அம்மையார் முகம் தெளிந்தது. "சம்மந்தியம்மா குடுத்ததுங்க. கல்யாணத்துக்கப்புறம் தேரடிக் கடையில அவுங்களே தட்டித் தட்டிப் பாத்து வாங்குனாங்க. எம்புள்ளைக்கு ஈயச்சொம்பு ரசம் இல்லாட்டி சோறு எறங்காதுன்னாங்க. அவுங்க புள்ளைக்குன்னு குடுத்தத நாங்க தொடலாமா? மாப்ளைக்கு மட்டுந்தான் இதுல. காலையிலயே ரசத்த வெச்சு ராத்திரி வரைக்கும் இதுலயே வெச்சிருப்பேன். அவருக்கு வலி ஜாஸ்தியானா ரசத்தையும் ஜாஸ்தி பண்ணிடுவேன். ஒடம்புக்கு நல்லதாச்சே." பிறகு பெருமையோடு சேர்த்தார். "நல்ல ஈயங்க. ஒருக்கா தண்ணி வத்திப்போயி அடுப்புத் தணல்ல வெறுஞ்சொம்பா நின்னுச்சு. உருகவே இல்லயே."

உங்களில் நகரத்தில் வளர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரசத்துக்குரிய ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நீர் வற்றிய சொம்பை அடுப்பில் மறந்தால் அது மெழுகாய் ஒழுகி அடுப்போடு போய்விடும். ஈயச்சொம்பை உருக்காத இல்லத்தரசி அக்காலத்தில் இல்லை. உருகாத ஈயம் வெள்ளீயம் அன்று. சொம்பை வாங்கிப் பார்ப்பதுபோல் அதன் விளிம்பை என் வேட்டிக் கரையில் அழுத்தித் தேய்த்தேன். பென்சிலால் கோடு இழுத்ததுபோல் கருப்பாக ஒரு தடம் விழுந்தது. காரீயம். உருக வெள்ளீயத்தைவிட மிகுந்த சூடு கேட்கும் நஞ்சு அது; புளியில் ஊறி, இனிப்பேறி, நாள்தோறும் ரசத்தில் இறங்கியிருக்கிறது. எங்கள் மருந்துச்சீட்டின்படி, மூன்று வேளையும்.

சிவகாமி அம்மாள் சபாபதியின் இலைக்கு மறுபடி குனிந்தார். "இன்னும் கொஞ்சம்..."

சபாபதி இலையில் போதும் என்று சொல்லத் தெரியாத மனிதர். சோற்றில் குழி செய்து காத்திருந்தார். இங்கேதான் நண்பர்களே, நூல்கள் நம்மைக் கைவிடும் இடம். ஊற்றாதீர்கள் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். மருத்துவரே மாமியார் ரசத்தை நிறுத்தினார் என்று அது மாலைக்குள் மஞ்சக்குப்பம் போய்ச் சேரும். மருந்து வைத்தது மெய் என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால், அதோ கரண்டி.

"எனக்கு ஊற்றுங்கள் அம்மா. எல்லாவற்றையும் எனக்கே ஊற்றுங்கள்," என்றேன்.

அம்மையார் மகிழ்ந்து ஊற்றினார். நான் சோற்றால் கரை கட்டினேன். கரை உடைந்தது. ரசம் இலையைக் கடந்து தரையில் ஓடியது. ஒரு படித்த மனிதன் இவ்வளவு அலங்கோலமாக உண்பதை அந்த வீடு பார்த்திருக்காது.

கொல்லையில் கை கழுவும்போது சபாபதியின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். எங்களிடம் வரும்போதெல்லாம் வெற்றிலைச் சாற்றில் சிவந்திருக்கும் வாய் அது. அன்று இன்னும் வெற்றிலை போடவில்லை. ஈறின் ஓரத்தில், பல்லை ஒட்டி, நீலமாய் மெல்லிய கோடு. எந்தப் பாடநூலிலும் காரீய நஞ்சுக்கு வரைந்து காட்டப்பட்டிருக்கும் அதே கோடு.

காரணத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"அப்ப எங்கம்மா சொன்னது நெசந்தானா சார்? இவுங்க சோத்துலதான் இருந்துச்சா?"

கையோடு கொல்லைக்கு எடுத்து வந்திருந்த சொம்பைத் திருப்பி அதன் தோளைக் காட்டினேன். கொடுக்கும் பாத்திரத்தில் கொடுப்பவர் பெயரை வெட்டித் தருவது நம் வழக்கம். புள்ளி புள்ளியாய், தெளிவாய் இருந்தது: தையல்நாயகி.

சபாபதி கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெயரை விரலால் தடவினார். பிறகு, "இத எங்கம்மாகிட்ட யாரு சார் சொல்றது?" என்றார். இன்னும் சற்று யோசித்துவிட்டு, "பேசாம ஆப்பரேசனே பண்ணிடுங்க சார்," என்றார்.

ஆய்வுக்குச் சொம்பு வேண்டும். ஆய்வுக்கு என்று சொல்லக் கூடாது. ஆகவே கூடத்துக்கு வந்து, இப்படியொரு ரசத்தை நான் உண்டதில்லை என்றும், மீதியைச் சொம்போடு கடலூருக்கு எடுத்துச் செல்ல விரும்புகிறேன் என்றும் சொன்னேன். முதல் பகுதியில் பொய் இல்லை.

மாமனார் திகைத்தார். "ரசம் வேணும்னா தூக்குவாளியில ஊத்தித் தர்றோமுங்களே."

"சொம்போடு இருந்தால்தான் அந்தச் சுவை."

மாமனார் மனைவியைப் பார்த்தார். பிறகு விருந்தோம்பல் வென்றது. சொம்பின் வாயை வாழையிலையால் கட்டிக் கொடுத்தார்கள். உண்ண வந்த டாக்டர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார் என்ற செய்தி எனக்கு முன்பாகவே ரயிலடி போய்ச் சேர்ந்தது.

அந்த ரயில் பயணத்தை நான் மறக்க மாட்டேன். திருவிழாக் கூட்டம். மடியில் சொம்பு. எதிரே பரங்கிப்பேட்டையில் இறங்க வேண்டிய ஒரு பெரியவர் கேட்டார்.

"என்னா சாமி அது, கோயில் தீர்த்தமா?"

"இல்லை ஐயா. ரசம்."

"ரசமா?" அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "திருவாதிரைக்கு ரசப் பிரசாதம் உண்டாய்யா?"

"புதுசா ஆரம்பிச்சிருப்பாங்க," என்றார் மற்றவர், அறிந்தவர்போல.

அவ்வளவுதான். இரு பக்கமும் கைகள் குவிந்து நீண்டன. பிரசாதம் இல்லை என்றேன். நம்பவில்லை. உடம்புக்கு ஆகாது என்றேன். "ஆண்டவன் பிரசாதம் ஆகாதுன்னு சொல்ற வாயப் பாத்தியா," என்றாள் ஒரு மூதாட்டி. நெற்றியில் நீறும் கழுத்தில் உருத்திராக்கக் கண்டிகையும் தரித்துக்கொண்டு, நீட்டிய கைகளுக்கு ஒரு துளி கொடுக்காமல், சொம்பைக் கட்டிப்பிடித்தபடி கடலூர் வரை அமர்ந்திருந்தேன். பரங்கிப்பேட்டையில் இறங்கும்போதே பெரியவர் சொல்லிவிட்டுப் போனார்: "பட்டை மட்டும் பெருசாப் போட்டாப் போதுமா? மனசும் பெருசா இருக்கணும்." என் வாழ்நாளில் நான் செய்த மிகப் பெரிய உபகாரத்துக்கு நான் பெற்ற வாழ்த்து அது.

ஆய்வு நான் நினைத்ததையே சொன்னது. சபாபதியைச் சேர்த்துக்கொண்டு நஞ்சிறக்கும் மருந்தைத் தொடங்கினோம். "அப்ப தொறக்க வேணாமா?" என்று கேட்ட அறுவை மருத்துவரின் குரலில் ஒரு பிரிவுத் துயர் இருந்தது.

ஆனால் மருத்துவமனையில் இரகசியம் தங்குவதில்லை. "ரசத்துல இருந்துச்சாம்" என்ற பாதிச் செய்தி தையல்நாயகி அம்மாளை எட்டிவிட்டது. மறுநாள் காலை என் அறைக்கு வந்து நின்றார்.

"எழுதிக் குடுங்க டாக்டர் தம்பி. சம்மந்தி வூட்டு ரசத்துல வெஷம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. பெரியவங்க நாலு பேர வெச்சுப் பேசி இன்னிக்கே முடிச்சிடறேன்."

அதே நேரம் வாயிலில் சிவகாமி அம்மாள் வந்து நின்றார். மாப்பிள்ளையைப் பார்க்க முதல் ரயிலில் வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேசையின் மேல், ஒரு துண்டின் கீழ், சொம்பு இருந்தது.

நான் இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன். உணவில் யாரும் எதையும் வைக்கவில்லை. வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயத்தை விற்ற ஒரு கடைக்காரனின் வேலை இது. ரசம் நல்ல ரசம், பாத்திரம்தான் கெட்டது. எல்லாவற்றுக்கும் விடை வைத்திருந்தேன், அடுத்து வந்த கேள்வியைத் தவிர.

"கெட்ட சொம்பு வாங்குனது யாரு? எந்தக் கடையில வாங்குனது?" என்றார் தையல்நாயகி அம்மாள். "அதச் சொல்லுங்க. எம்புள்ளயச் சாகடிக்கப் பாத்தவங்க யாருன்னு எனக்குத் தெரியணும்."

பழி சுமந்து நின்ற சிவகாமி அம்மாள் ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல்லுக்குச் சான்று புள்ளி புள்ளியாய் வெட்டப்பட்டு மேசைமேல் இருந்தது. அவர் நேரே மேசைக்கு வந்தார். துண்டை விலக்கினார். சொம்பை எடுத்தார். எடுத்தபோது அவருடைய உள்ளங்கை அதன் தோளில், பெயர் இருந்த இடத்தில், முழுவதுமாய்ப் பதிந்தது.

"எங்க வூட்டுப் பழசுங்க சம்மந்தி. எங்க மாமியா காலத்துது. நீங்க குடுத்தத எடுத்துப் பொழங்க மனசு வராம பத்திரமா பரண்ல வெச்சிருக்கேன். அதுல வெச்சிருந்தா இந்தக் கஷ்டமே வந்திருக்காது. என் தப்புதான்."

தையல்நாயகி அம்மாள் சொம்பைப் பார்த்தார். தேரடிக் கடையில் பத்துச் சொம்புகளைத் தட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தவர் அவர். அதன் கழுத்து வளைவும் விளிம்பு மடிப்பும் அவருக்குத் தெரியாமல் போகுமா? பார்வை சொம்பிலிருந்து அந்தக் கைக்கு ஏறியது. கையிலிருந்து சம்பந்தியின் முகத்துக்குப் போனது. அங்கேயே நின்றது. அந்தக் கை அசையவில்லை.

"பழச எல்லாம் வெச்சுக்கக் கூடாது சம்மந்தி," என்றார் கடைசியில். எழுதிக் கொடுங்கள் என்று அவர் பிறகு கேட்கவில்லை.

இளையோரே, நோய்க்குப் பெயர் கண்டுபிடிக்கும்வரை விடாமல் தேடுங்கள். அது நம் கடன். கண்டுபிடித்த பிறகு, அதே பாத்திரத்தில் வேறொரு பெயரும் வெட்டியிருக்கும். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று அந்த அறையில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

மங்கையின் வளைகாப்புக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். சபாபதி தெளிந்த முகத்தோடு வாசலில் வரவேற்றார். கூடத்தில் என்னைக் கண்டதும் இரண்டு பெண்கள் பாத்திரங்களை உள்ளே நகர்த்தி வைத்ததைக் கவனித்தேன். பந்தியில் எதிர் வரிசையில் தையல்நாயகி அம்மாள் அமர்ந்திருந்தார். சிவகாமி அம்மாள் கற்சட்டியோடு வந்து, அவர் இலைக்கு முன் மட்டும் தயங்கி, "சம்மந்திக்கு மோர் கொண்டாரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

வரிசையே உண்பதை நிறுத்திப் பார்த்தது.

தையல்நாயகி அம்மாள் சோற்றின் நடுவே விரல்களால் ஒரு குழி செய்தார், மகன் செய்வதைப் போலவே.

"மோரு அப்புறம். ரசத்த ஊத்துங்க சம்மந்தி. நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஊத்துங்க."